பல்லுக் கட்டுகிற பீற்றிஸின் கிற்றார்

கிற்றாரின் மேற்கொம்பைப் பற்களால் கவ்விக்கொண்டுதான் பீற்றிஸ் அக்கா சுருதி சேர்ப்பார். இடது கையால் கழுத்தைச் சற்று உயர்த்தி, கண்ணை மூடி, பலகையின் வளைந்த நுனியைக் கடைவாயில் வைத்து மெல்லக் கடித்துக்கொண்டு, வலது பெருவிரலால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுவார். சத்தத்தைப் பெருக்கும் அம்ப் போட்டிருக்காது. அறையில் இருப்பவர்களுக்குக் கொசு முனகுவதுபோல ஏதோ கேட்கும். பீற்றிஸுக்கு மண்டை முழுக்க நாதம் நிறைந்திருக்கும். "காது ஏமாத்தும் மனே, பல்லு ஏமாத்தாது" என்பார், கொம்பில் பட்ட ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு. முதன்முறை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆறு கம்பியும் சேர்ந்திருக்கும்.

பல்லைப் பற்றிப் பேசும் உரிமை அவருக்கு உண்டு. மட்டக்களப்புச் சின்ன உப்போடையில், வாவியைப் பார்த்தபடி இருக்கும் வீட்டின் முன்னறையில், இருபத்தெட்டு வருடங்களாகப் பல் செற் கட்டுகிறார். பல் வைத்தியர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் சாந்து வார்த்து, மெழுகில் முரசு, அதாவது ஈறு, செய்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் அவித்தெடுப்பது பீற்றிஸின் வேலை. சுவரோரத் தட்டில் வெள்ளைத் தாடைகள் வரிசையாக வாய்பிளந்து நிற்கும். அடியில் பென்சிலால் குறிப்பு எழுதியிருப்பார்: 'ஏறாவூர் ஹாஜியார், இறைச்சி கடிக்க வேணும்.' 'தபால்கந்தோர் மிஸ், நல்லாச் சிரிக்கிற ஆள்.' "வாயப் பாத்தா ஆளச் சொல்லிருவன்" என்று அவர் சொல்வது வெறும் வாய்ப்பேச்சில்லை. சொல்லியும் விடுவார்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அறையின் கோலம் மாறும். தாடைகளுக்கு முன்னால் ட்ரம் செற் வந்து உட்காரும். ஐந்து பேர் கொண்ட குழு. கல்யாண வரவேற்பு, மாதா கோயில் பெருநாள், பாடசாலைப் பழைய மாணவர் விழா என்று கல்குடாவிலிருந்து கல்முனை வரை வாசிக்கிறார்கள். முதல் கிற்றார் பீற்றிஸ். வயது ஐம்பத்திரண்டு. மேடை ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். ஆட்டமும் இல்லை, தலையசைப்பும் இல்லை; துள்ளாட்டப் பைலாப் பாட்டு வந்தால் மட்டும் வலது குதிகால் பலகையை இடிக்கும். பாடுகிறவர் தாளத்தை இழுத்தால் திரும்பிப் பார்த்து, "மறுகா?" என்று ஒரு சொல் கேட்பார். மட்டக்களப்பில் அந்தச் சொல்லுக்குப் 'பிறகு?' என்று பொருள். பீற்றிஸின் வாயிலிருந்து வந்தால், 'ஒழுங்காகப் பாடு' என்று பொருள்.

அவருடைய கிற்றார் தண்ணீரிலிருந்து வந்தது. சுனாமி அடித்த ஐந்தாம் நாள், வீட்டுப் பின்வளவில், வாவி ஓரத்துக் கண்ணாமர வேர்களுக்கிடையே தலைகீழாகச் சொருகிக் கிடந்தது. கடலோரத்து வீடுகளின் கதவு, அலுமாரி, தையல் மெஷின் எல்லாம் அந்த நாட்களில் வாவிக்கரையில் ஒதுங்கின. பெட்டிக் கிற்றாராக இருந்திருந்தால் ஒட்டுவிட்டுத் தகடு தகடாகப் பிரிந்திருக்கும். இது உள்ளே வெறுமையில்லாத, முழுப் பலகையில் அறுத்த மின் கிற்றார். உலகம் முழுக்க மேடைகளில் காணும் பழைய வடிவம்; இடுப்புப் படுகிற இடத்தில் வளைவு, மேலே இரண்டு கொம்பு. பலகை பிழைத்திருந்தது. மற்றதெல்லாம் செத்திருந்தது.

அறிவித்தல் எழுதிக் கோயில் பலகையிலும் பிரதேச செயலகத்திலும் ஒட்டினார். ஒரு வருடம் யாரும் வரவில்லை. அதன் பிறகுதான் கை வைத்தார். கோயில் பாட்டுக்குப் பெட்டிக் கிற்றார் தட்டிய பழக்கம் மட்டும் இருந்தது. இதைத் திருத்துவதற்காகவே மின் கிற்றார் வேலையைப் படித்தார். கழுத்து வில்லாய் வளைந்திருந்ததால், கொழும்பில் ஒரு பழைய கிற்றாரின் கழுத்தைத் தேடி வாங்கினார். சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்புக்குள் தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியை உப்புத் தின்றிருந்தது. பல் அராவுகிற மோட்டரில் பொருத்திப் புதுக் கம்பி சுற்றினார். ஏழாயிரம் சுற்று. மூன்று முறை அறுந்தது. நாலாம் முறை சுற்றும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று கட்டளையிட்டாராம். கம்பிகள் ஏறி உட்காரும் தலைப்பாலத்தைப் பல் அக்ரிலிக்கில் வார்த்து அராவினார். முகப்புத் தகட்டையும் அதிலேயே செய்தார். அதனால் பீற்றிஸின் கிற்றாருக்கு முரசு நிறத்தில் முகம்.

அந்தக் கிற்றாரின் சத்தத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை கட்டிவிட்டார்கள். கடல் குடித்த மரம், உப்பில் ஊறி இறுகியதால்தான் அப்படி அழுகிறது, அப்படிச் சிரிக்கிறது என்று. ட்ரம் வாசிக்கிற டிலுக்ஷன்தான் அதற்குத் தலைமைப் பூசாரி. மின்சார சபையில் மீற்றர் பார்க்கிறவர், முப்பத்தாறு வயது, இணையத்தில் கிற்றார்க்காரர்கள் போடுகிற சண்டையெல்லாம் படிப்பவர். "அக்கா, சத்தம் எண்டுறது பலகையிலதான் இருக்கு. நீங்க என்ன வாசிச்சாலும் அந்தப் பலக காப்பாத்திரும்" என்று அவர் பாராட்டாகச் சொல்வார். பதினெட்டு வருடம் விரல் தோல் உரிய வாசித்தவருக்கு அது பாராட்டாகக் கேட்குமா? ஆனால் பொய்யென்று காட்ட வழியும் இருக்கவில்லை.

இந்த வருடம் பங்குனியில் ஒரு காலை, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் முன்னறை வாசலில் நின்றார். அறுபதைத் தாண்டிய, மெலிந்த, நேரான ஆள்.

"இரிங்க நானா. எந்த டொக்டர் அனுப்பினவர்?"

"டொக்டர் அனுப்பல்ல."

"அப்ப அச்சு எடுக்கல்லயா? சரி, வாயத் திறங்க பாப்பம்."

கேட்ட தொனியில் அவர் திறந்துவிட்டார். பீற்றிஸ் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சொந்தப் பல்லு. முறுக்குக் கடிக்கலாம். உங்களுக்கு என்ன குற?"

அவர் வாயை மூடிக்கொண்டார். "நான் பல்லுக்கு வரல்ல தங்கச்சி. கிற்றாருக்கு வந்த."

பெயர் முகைதீன்பாவா. ஊர் ஏறாவூர். பஹ்ரெய்னில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடம் ஏசி திருத்தியவர். அங்கே இசைக்குழுவில் வாசித்த பிலிப்பைன்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கிற்றாரைத் தோளில் சுமந்துகொண்டு நாடு திரும்பினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர் நாவலடியில் இருந்த கூட்டாளி அருமைநாயகம். கிற்றார் அருமைநாயகத்தின் வீட்டிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முகைதீன்பாவா போய்க் கேட்டுவிட்டு வருவார். சுனாமி அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். அவர் புறப்படுவதற்குள் அலை வந்துவிட்டது. அருமைநாயகமும் வீட்டிலிருந்த ஆறு பேரும் போனார்கள். கிற்றாரும் போனதென்றுதான் இருந்தார். போன மாதம் மகள் முப்லிஹா ஒரு கல்யாண வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பீற்றிஸின் கையிலிருந்த கிற்றாரில், கீழ்க்கொம்புக்குப் பக்கத்தில், முகைதீன்பாவாவுக்குப் பழக்கமான காசளவு மரக்கண் தெரிந்தது.

"மரக்கண் எல்லாப் பலகையிலயும் இருக்கும் நானா" என்றார் பீற்றிஸ். அவருடைய குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"இரிக்கும். ஆனா பின்பக்கம், மேல, மூணு ஆணித் தொள இரிக்கும். வார் மாட்டுற இடம் தெரியாம அருமநாயகம் கண்ட பாட்டுக்கு அடிச்சவன்."

பீற்றிஸுக்கு அந்த மூன்று துளைகளையும் தெரியும். இருபது வருடத்துக்கு முன் அவரே அக்ரிலிக்கால் அடைத்திருந்தார். அடைத்ததை வேறு யாரும் பார்த்ததில்லை. மேடையில் பின்பக்கம் யாருக்குத் தெரியும்? 'இல்லை' என்று ஒரு சொல் போதும், அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். பீற்றிஸ் உள்ளே போனார், கிற்றாரை எடுத்துவந்தார், மடியில் கவிழ்த்து வைத்தார். முதுகில் மூன்று இளஞ்சிவப்புப் புள்ளிகள்.

முகைதீன்பாவா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அப்புறம், "ஒருக்கா வாசிங்களன்" என்றார்.

பீற்றிஸ் வாசித்தார். பைலாவுமில்லை, சினிமாப் பாட்டுமில்லை, விரல் போன போக்கில் ஏதோ ஒன்று. முடியும்வரை முகைதீன்பாவா கண்ணைத் திறக்கவில்லை.

"அவன் இப்பிடி வாசிக்கல்ல. அவனுக்கு மூணு பாட்டுத்தான் தெரியும்." அவர் விரல் மரக்கண்ணுக்குப் போனது. "தங்கச்சி, நீங்க தர வேணுமெண்டு நான் சொல்லல்ல. ஆனா அவன்ட ஒரு சாமானும் என்னட்ட இல்ல. ஒரு போட்டோகூட இல்ல."

பீற்றிஸ் எழுந்து மேசை லாச்சியைத் திறந்து, திருகாணி கழற்றும் சாவியை எடுத்தார். முதலில் கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார். அடுத்து முரசு நிற முகப்பு. அதோடு பிக்கப்புகள், வயர்கள், குமிழ்கள். கழுத்தைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளும் வந்ததும், கழுத்து 'டக்' என்று தனியே வந்தது. மேசையில் எஞ்சியது குழிகள் தோண்டிய ஒரு மரப்பலகை.

"இவ்வளவுதானா?" முகைதீன்பாவா திகைத்துப் போனார்.

"உங்கட இவ்வளவுதான் நானா. மிச்சமெல்லாம் நான் கட்டின பல்லு."

அவர் பலகையை எடுக்கக் கை நீட்டினார். "பொறுங்க" என்றார் பீற்றிஸ். "பதினஞ்சு நிமிசம் இருங்க. தேத்தண்ணி குடியுங்க." அச்செடுக்கிற மாவைத் தண்ணீரில் குழைத்து, கழுத்துப் பொருந்துகிற குழிக்குள் அப்பி, வாய்க்குள் அச்செடுப்பதுபோலவே இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பிக்கப் குழிகளுக்கும் அப்படியே. கடைசியில் பலகையைப் பெரிய கடதாசியில் வைத்து, ஓரம் முழுக்கப் பென்சிலால் கோடிழுத்தார். மாவு இறுகும்வரை முகைதீன்பாவா அருமைநாயகத்தின் மூன்று பாட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றில் ஒன்றைப் பாதியில்தான் எப்போதும் நிறுத்துவாராம், மீதி தெரியாது. அச்சைக் குழியிலிருந்து உரித்தெடுத்த பிறகு, பலகையைத் துவாயால் துடைத்து, ஒரு சாரத்தில் சுற்றி, பீற்றிஸ் அவரிடம் கொடுத்தார்.

செய்தி கேட்டு டிலுக்ஷன் அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். "அக்கா, பன்ரெண்டு நாளில கல்குடாவில கல்யாணம். பலகையக் குடுத்திட்டு என்னத்த வாசிக்கப் போறீங்க? சத்தமே அதுக்குள்ளதான் இருந்தது!"

"அப்பிடியா? நான் எங்க இருந்தன் அப்ப?"

கேட்ட வேகத்தில் டிலுக்ஷன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். ஆனால் அவர் போன பிறகு பீற்றிஸ் உட்கார்ந்து, ஒரு கீழ்த்தாடைக்குப் பல் நட்டபோது, இரண்டு பற்களை இடம் வலம் மாற்றி நட்டிருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறை. மெழுகை உருக்கிப் பற்களைப் பிடுங்கிவிட்டு, கையைக் கழுவினார். டிலுக்ஷன் சொல்வது சரியென்றால்? பதினெட்டு வருடம் கைதட்டியதெல்லாம் ஒரு மரத்துக்கென்றால்? ஆனால் பலகையைக் கொடுத்ததை ஒருமுறைகூட அவர் பிழையென்று நினைக்கவில்லை. இனி அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிடும். அதுவும் நல்லதுதான் என்று பட்டது.

அடுத்த நாள் அச்சுகளில் சாந்து வார்த்து எடுத்துக்கொண்டு, கணவர் அன்ரனியின் ஓட்டோவில் மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்குப் போனார். அங்கே தங்கராசா என்ற ஓடாவி, கதவு நிலையும் கட்டிலும் செய்கிறவர். கடதாசியில் இழுத்திருந்த கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, அரிவாமணையா?"

"கிற்றார் அண்ணன். பலாப்பலக வேணும். நல்லாக் காஞ்சது."

"ஏழு வருசமா முகட்டில கிடக்கிறது ஒண்டு இருக்கு. ஆனா பலா பாரம். தோள் முறியும்."

"முறியட்டும். இந்தக் குழி மட்டும் இம்மி பிசகக் கூடாது." பீற்றிஸ் சாந்துக் கட்டியை நீட்டினார்.

"மரத்தில நூல் அளவு முன்னப் பின்ன வரும் புள்ள. இது என்ன, வாயா?"

"ஓம், வாய்தான். ஆடினா வெட்கக்கேடு."

ஓடாவியாருக்கு அது பிடித்துப்போனது. மூன்று முறை உளி வைத்து, சாந்துக் கட்டியைப் போட்டுப் போட்டுப் பார்த்து, நாலாம் முறை அது குழியில் இறங்கி அசையாமல் நின்றதும், கட்டியைப் பிடித்துப் பலகையையே தூக்கிக் காட்டினார்.

வர்ணம் பூச நாள் இருக்கவில்லை. மஞ்சள் மாறாத பலாப்பலகை, முரசு நிற முகப்பு. பழையதைவிட ஒன்றரைக் கிலோ கூட. வாரைத் தோளில் போட்டதுமே எலும்பு சொன்னது. ஒத்திகைக்கும் நேரம் இருக்கவில்லை.

கல்குடாவில் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் புல்வெளியில் வரவேற்பு. மணமக்கள் வந்து உட்கார்ந்ததும் பீற்றிஸ் செருப்பைக் கழற்றினார். முதல் பாட்டின் தொடக்கம் கிற்றார் தனியே வாசிக்க வேண்டியது. முதல் நான்கு ஸ்வரங்களில் அவருக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் மாறித்தான் இருந்தது. கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் வெளிச்சம், ஒவ்வொரு ஸ்வரமும் நின்று போகும் நேரம் அரை மூச்சு கூட. ஆனால் ஸ்வரத்தின் தொடக்கத்தில் விரல் கொடுக்கிற சின்ன இழுப்பு, முடிவில் வருகிற நடுக்கம், நடுவில் விடுகிற மௌனம் எல்லாம் பீற்றிஸ். எதுவும் ஏறாவூருக்குப் போயிருக்கவில்லை. மனதில் கிடந்த கேள்வி எப்போது கரைந்ததென்று அவருக்கே தெரியாது. இரண்டாம் பாட்டில் அவர் அம்ப்பின் சத்தத்தைக் கூட்டினார். மூன்றாவது பைலா. குதிகால் இடித்த இடிக்கு மேடைப் பலகை கிளம்பியது. ட்ரம்முக்குப் பின்னாலிருந்து டிலுக்ஷன் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு இடத்தில் தாளமே தவறினார்.

"மறுகா?" என்றார் பீற்றிஸ், திரும்பாமலேயே.

சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையின் மாமனார் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ், அந்தக் கடல் குடிச்ச மரம்! இண்டைக்கு எண்டைக்கும் இல்லாத சத்தம். அந்தப் பலகைக்கு ஈடு இணையில்ல."

"இது பலா ஐயா. கொக்கட்டிச்சோலையில கட்டில் ஆக வேண்டியது" என்றார் பீற்றிஸ். பக்கத்தில் நின்ற டிலுக்ஷன் சோற்றுக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இணையத்துச் சண்டைகளில் அவர் கட்சி மாறிவிட்டதாகக் கேள்வி.

இரண்டு மாதம் கழித்து முகைதீன்பாவா மீண்டும் வந்தார். இந்த முறை தோளில் பை. முப்லிஹா இணையத்தில் கழுத்தும் பிக்கப்பும் வாங்கிக் கொடுத்திருந்தாள். ஏறாவூரில் ரேடியோ திருத்துகிற ஒருவர் பூட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாசித்தால் ஆடு கத்தியது.

"உங்களிட்டத் தராம நான் செஞ்ச பிழ. ஒரு பல்லுக் கட்டித் தாங்க" என்றார்.

பீற்றிஸ் கம்பிகளை நெகிழ்த்தி, பிளாஸ்டிக் தலைப்பாலத்தைத் தட்டி எடுத்து எறிந்தார். இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் புதிதாக ஒன்று வார்த்து, ஆறு வெட்டு வெட்டி, ஒவ்வொரு வெட்டையும் மெல்லிய அரத்தால் மூன்று தடவை இழுத்து, ஒட்டினார். கம்பிகளைக் கட்டி முடித்ததும் கிற்றாரை அவர் மடியிலேயே வைத்தார்.

"வாசிங்க."

"எனக்கு..."

"வாசிக்காமலா கத்துதெண்டு தெரிஞ்சது?"

முகைதீன்பாவா வெட்கப்பட்டார். அறுபத்து நாலு வயதில், மகளின் போனில் பார்த்துப் பார்த்து, அருமைநாயகத்தின் மூன்று பாட்டில் ஒன்றைப் பிடித்திருந்தார். பாதியில் நிற்கிற பாட்டு. விரல்கள் தடவித் தடவி இடம் தேடின. இரண்டு இடத்தில் பிழைத்தன. ஆனால் ஆடு கத்தவில்லை. அருமைநாயகம் நிறுத்துகிற இடத்தில் அவரும் நிறுத்தினார். பீற்றிஸ் தன் பலாக் கிற்றாரை எடுத்து, விட்ட இடத்திலிருந்து மீதிப் பாட்டை வாசித்து முடித்தார்.

முகைதீன்பாவா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டு பேருமா ஒருக்கா வாசிப்பமா, அம்ப் போட்டு?" என்றார்.

மூலையிலிருந்த பழைய அம்பில் வயர் செருக இரண்டு துளைகள். முதலாவதில் போட்டால் சத்தம் நிமிர்ந்து வரும். இரண்டாவதில் ஒரு படி தணிந்து வரும். முதலாவதில் பீற்றிஸின் வயர் இருந்தது. முகைதீன்பாவா தன் வயரின் முனையை முதலாம் துளைக்கு நேரே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு, பீற்றிஸ் தனதைக் கழற்றி விருந்தாளிக்கு இடம் தருவார் என்று காத்திருந்தார்.

பீற்றிஸ் தன் வயரைத் தொடவில்லை. குனிந்து, இரண்டாம் துளையைச் சுட்டுவிரல் நகத்தால் இரண்டு முறை தட்டிக் காட்டினார்.